ஸீனியாவும் ஜி.எஸ்.பி.யும் பாறை முழுக்கப் பரவிவிட்டால் என்ன செய்வது

புதிதாகக் கடல்நீர்த் தொட்டி தொடங்குகிறவர்கள் கைக்கு முதலில் வந்து சேர்கிற பவளம் பெரும்பாலும் ஸீனியாதான், அடுத்தது கிரீன் ஸ்டார் பாலிப், அதாவது ஜி.எஸ்.பி. எளிதில் சாகாது, வெளிச்சம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், கண் முன்னாலேயே வளரும். நானும் இரண்டையும் வாங்கித் தொட்டியின் நடுப் பாறையில், வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டினேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பாறையில் பாறையே தெரியவில்லை. பக்கத்தில் தட்டுபோல வளர்கிற மான்டிபோரா என்கிற கல் பவளம் ஒன்று இருந்தது, அது ஜி.எஸ்.பி.யின் அடியில் போய் மூச்சுத் திணறிச் செத்தது.

பதறிப்போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொல்லப் பார்த்தேன், அதில் இரண்டு மீன் போய்விட்டது. அப்புறம் பொறுமையாக ஒவ்வொரு பாறையாக எடுத்துச் சரிசெய்ய நான்கு மாதம் பிடித்தது. இப்போதும் ஸீனியாவும் ஜி.எஸ்.பி.யும் என்னிடம் இருக்கின்றன, ஆனால் நான் வைத்த இடத்தில் இருக்கின்றன. இந்த நான்கு மாதமும் அந்த இரண்டு மீனும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இன்னும் பவளமே வாங்கவில்லை என்றால் நேராக 8-ஆம் படிக்குப் போய்விடுங்கள், ஏற்கெனவே பரவிவிட்டது என்றால் 1-இலிருந்து வரிசையாக வாருங்கள்.

1. எது பரவுகிறது, எப்படிப் பரவுகிறது என்று முதலில் பாருங்கள்

"சாஃப்ட் கோரல் பரவுகிறது" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். சாஃப்ட் கோரல் என்றால் கல்லாக இறுகாத மென்பவளம், அதில் ஒவ்வொன்றும் பரவுகிற விதம் வேறு, அதனால் அகற்றுகிற விதமும் வேறு.

ஜி.எஸ்.பி. ஊதா நிறத்தில் ஒரு பாய் விரித்ததுபோல ஊர்ந்து போகும். பச்சை பாலிப்புகள், அதாவது பூப்போல விரிகிற சின்ன உயிர்கள், அந்தப் பாயிலிருந்துதான் மேலே வருகின்றன. பாலிப் உள்ளே இழுத்துக்கொண்டாலும் பாய் உயிரோடுதான் இருக்கும், இதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. பாயின் விளிம்பு எதைத் தொடுகிறதோ அதன் மேல் ஏறும், பாறை, கண்ணாடி, பம்ப், குழாய் என்று எதையும் விடாது. ஆனால் தொடாத இடத்துக்குத் தானாகத் தாவாது. இது நமக்குப் பெரிய வசதி.

ஸீனியா அப்படியல்ல. தண்டு தண்டாகப் பிரிந்து பெருகும், மெதுவாக நகரவும் செய்யும், நகர்ந்த வழியில் விட்டுப்போன சிறு சதைத் துணுக்கும் புதுத் தண்டாக எழும். பிய்ந்து மிதந்து போய் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கென்யா ட்ரீ என்கிற மரம்போன்ற மென்பவளம் இன்னும் ஒரு படி மேலே, தன் கிளை நுனிகளைத் தானே உதிர்த்துவிடும். நீரோட்டம் அவற்றை எங்கே கொண்டு போய்ப் போடுகிறதோ அங்கே ஒரு குட்டி மரம் வரும். தொட்டியின் பின்பக்கம், பாறை இடுக்கு, வடிகட்டிப் பெட்டி வரைக்கும் தேடிப் பாருங்கள்.

க்ளோவ் பாலிப்பும் ஆன்தீலியாவும் அடியில் வேர்போல ஓடுகிற இழைகளால் பரவுகின்றன, இழை ஒரு விரற்கடை மிஞ்சினாலும் திரும்ப வரும். மஷ்ரூம் என்கிற பவளமும் ஸோவாந்திட் வகைகளும் கணக்குப்படி சாஃப்ட் கோரல் குடும்பமே கிடையாது, ஆனாலும் நம் தொட்டியில் தருகிற தொல்லை ஒன்றுதான். மஷ்ரூம் நகரும்போது தன் அடிப்பாதத்தின் துண்டுகளைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும், ஒவ்வொரு துண்டும் ஒரு மஷ்ரூம். பிளேடை வைத்து வெட்டினால் குறையாது, பெருகும்.

ஸோவாந்திட், அதிலும் பழுப்பு நிறப் பாலிதோவா உங்கள் பாறையில் இருக்கிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இருந்தால் 4-ஆம் படியைப் படிக்காமல் தண்ணீரில் கை வைக்க வேண்டாம்.

2. ஒரு நோட்டுப் போடுங்கள், படம் எடுங்கள்

இது அலுப்பான வேலையாகத் தெரியும், ஆனால் நான் இதைச் செய்யாததால்தான் எட்டு மாதம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். தினமும் பார்க்கிற பொருளின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது.

தொட்டியின் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேலிருந்து ஒன்று என்று நான்கு படம், வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, பம்பை நிறுத்திவிட்டு எடுங்கள். நோட்டில் தேதி, உப்பின் அளவு, நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (காரத்தன்மை), அன்று எந்தப் பாறையில் கை வைத்தீர்கள், என்ன முறை என்று எழுதுங்கள். ஒவ்வொரு பவளத்தையும் எப்போது, என்ன பெயர் சொல்லி வாங்கினீர்கள் என்பதும், ரசீது இருந்தால் அதுவும் அதே நோட்டில் இருக்கட்டும். பின்னால் யாருக்காவது கொடுக்கும்போது இது தேவைப்படும், 11-ஆம் படியில் சொல்கிறேன்.

3. செலவும் நாளும்

கருவிகளுக்குப் பெரிதாக எதுவும் ஆகாது. கெட்டியான பிளாஸ்டிக் பிரஷ், பழைய டூத் பிரஷ், தட்டையான ஸ்கிரேப்பர், மெல்லிய சைஃபன் குழாய், இரண்டு பக்கெட், நீளமான கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சூப்பர் க்ளூ ஜெல் பசையும், ஃப்ராக் (வெட்டியெடுத்த பவளத் துண்டு) ஒட்டுகிற சின்னப் பீடங்களான ப்ளக்குகளும் எப்படியும் உங்களிடம் இருக்கும்.

பணம் போகிற இடம் உப்பு. ஒவ்வொரு முறையும் தண்ணீர் மாற்ற வேண்டும், பக்கெட்டில் பாறையை அலசவும் உப்புத் தண்ணீர் வேண்டும், ஆகவே வழக்கமாக ஒரு மாதத்துக்கு வாங்குகிற உப்பைப்போல இரண்டு மடங்கு வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அடுத்தது ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு முறைக்கு ஒரு பை என்று எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு பாறையையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது, அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

நேரம் என்று பார்த்தால், ஒரு பாறைக்கு ஒரு முழு அரைநாள். ஒரு பாறைக்கும் அடுத்த பாறைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம். என்னிடம் ஏழு பாறை இருந்தது, அதனால்தான் நான்கு மாதம். அவசரப்படுகிறவர்கள் இந்த இரண்டு வார இடைவெளியைத்தான் முதலில் வெட்டுவார்கள், தயவுசெய்து வெட்டாதீர்கள். தொட்டியின் அழுக்கைச் சுத்தம் செய்கிற பாக்டீரியா அந்தப் பாறையில்தான் இருக்கிறது, அது திரும்ப நிலைக்கு வர நாள் வேண்டும்.

முந்தைய நாளே புதுத் தண்ணீரைக் கலந்து, தொட்டியின் வெப்பத்துக்கும் உப்பளவுக்கும் கொண்டுவந்து வையுங்கள். 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, ஹைட்ரோமீட்டர் கணக்கில் சுமார் 1.026. வேலை நடுவில் உப்பு கலக்க ஆரம்பித்தால் எல்லாம் குழம்பும்.

4. கை வைப்பதற்கு முன்: பாலிடாக்சின்

ஸோவாந்திட், பாலிதோவா வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற நஞ்சு இருக்கிறது. இயற்கையில் கிடைக்கிற கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. எல்லா ஸோவாந்திட்டிலும் ஒரே அளவு இருக்காது, பார்த்து அடையாளம் காணவும் முடியாது. அதனால் எல்லாவற்றிலும் இருப்பதாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

இந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டதாலும், வெந்நீர் ஊற்றியதாலும், நீராவி பிடித்ததாலும் அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டிலுள்ள எல்லோரும், நாய் உட்பட, மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை இப்படி நடந்தவற்றை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. ஆகவே பாறையைக் கொதிக்கவைக்காதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள், வெந்நீர் வேண்டாம், காய்ந்த ஸோவாந்திட் பாறையைத் தூசி பறக்கச் சுரண்டுவதும் வேண்டாம், அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம்.

கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஜன்னல் திறந்த இடம், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் பக்கத்தில் இல்லாத நேரம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை இந்த வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஸோவாந்திட்டைப் பிழிந்தால் தண்ணீர் பீய்ச்சி நேராகக் கண்ணுக்கு வரும், கண்ணாடியை அதற்காகத்தான் சொல்கிறேன். வேலை முடிந்து சில மணி நேரத்துக்குள் வாயில் உலோகச் சுவை, நெஞ்சு இறுக்கம், இருமல், காய்ச்சல், தசைவலி, கண் எரிச்சல் எது வந்தாலும் தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வேண்டாம். மருத்துவரிடம் போய் "பாலிடாக்சின்" என்ற சொல்லைச் சொல்லுங்கள், எழுதியே கொண்டு போங்கள், ஏனென்றால் இதை முன்பு கேள்விப்பட்டிராத மருத்துவர்கள் நிறைய பேர்.

பாலிடாக்சினைச் செயலிழக்கச் செய்வது வீட்டு ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவிட வேண்டும். கருவி, துண்டு, கையுறை, அகற்றிய பாலிப் எல்லாவற்றையும் அதில் போடுங்கள். ப்ளீச்சோடு வினிகரோ வேறு எந்த அமிலமோ சேரவே கூடாது, குளோரின் வாயு வரும். தொட்டிக்குப் பக்கத்தில் ப்ளீச் பக்கெட்டை வைக்கவும் வேண்டாம்.

5. பாறையை வெளியே எடுக்க முடிந்தால்

முடியும் என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. என் அனுபவத்தில் தொட்டிக்குள் செய்த வேலையில் பாதி திரும்ப வந்தது, வெளியே எடுத்துச் செய்ததில் ஓரிரு புள்ளிகள்தான் வந்தன.

தொட்டித் தண்ணீரையே பக்கெட்டில் எடுத்து அதில் பாறையை வையுங்கள். ஸீனியா பாலிப்புகளைச் சுருக்க ஐந்து நிமிடம் விடுங்கள். ஜி.எஸ்.பி. என்றால் பாயின் ஒரு விளிம்பை நகத்தாலோ ஸ்கிரேப்பராலோ தூக்கிவிட்டால், ஆரஞ்சுப் பழத்தோல்போல ஒரே தகடாக உரிந்து வரும், உரித்ததைக் கிழிக்காமல் தனியாக வைத்தால் அதுவே கொடுக்கத் தயாரான ஃப்ராக். உரித்த இடத்தில் ஊதாத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் பிரஷ்ஷால் தேயுங்கள். பாறையின் குழிகளில்தான் அது ஒளிந்துகொள்ளும், அங்கே டூத் பிரஷ்ஷின் முனை போகாது, ஒரு பல்குச்சியோ ஊசியோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஸீனியாவைத் தண்டின் நடுவில் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்து அடிப்பகுதி பாறையில் தங்கிவிடும். அடியில் ஸ்கிரேப்பரைக் கொடுத்து, பாறையின் மேல் தோலோடு சேர்த்து நெம்பி எடுங்கள். பாறை கொஞ்சம் உதிர்ந்தால் உதிரட்டும். மஷ்ரூமுக்கும் அதே விதிதான், அது ஒட்டியிருக்கிற பாறைச் சில்லையே உளியால் தட்டிப் பெயர்த்துவிடுவது வெட்டுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

பிறகு பாறையை வேறொரு பக்கெட் உப்புத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் வைக்க வேண்டும். முதல் பக்கெட்டில் இருக்கிற தண்ணீர் முழுக்க சளியும் துணுக்கும். "தொட்டித் தண்ணீர்தானே" என்று நான் அதைத் திரும்ப ஊற்றினேன், மூன்று வாரத்தில் மணலில் இருபது முப்பது ஸீனியா குஞ்சுகள் முளைத்திருந்தன.

பாறை முழுவதும் ஆகிவிட்டது, காப்பாற்ற வேறு பவளமும் அதில் இல்லை என்றால் ப்ளீச் கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, குளோரின் நீக்கி போட்டு, வெயிலில் வாசனை சுத்தமாகப் போகும்வரை காயவையுங்கள். அதன் பிறகு அது உயிரற்ற பாறை. தொட்டிக்குள் போடுவதற்கு முன் தனி உப்புத் தண்ணீரில் அம்மோனியா பூஜ்யமாகக் காட்டும்வரை சில வாரம் வைத்திருக்க வேண்டும்.

6. பாறையை எடுக்க முடியாவிட்டால்

எபாக்ஸியால் ஒட்டிக் கோபுரமாகக் கட்டியிருப்பீர்கள், அல்லது அதே பாறையில் பெரிய கல் பவளம் அடிபிடித்து வளர்ந்திருக்கும். அப்போது தொட்டிக்குள்ளேயேதான் செய்ய வேண்டும். எல்லா பம்புகளையும் நிறுத்துங்கள், மறந்தால் துணுக்குகள் தொட்டி முழுக்கப் போகும். சைஃபன் குழாயின் வாயை ஸ்கிரேப்பரின் நுனிக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, பிய்க்கிற ஒவ்வொரு துணுக்கும் உடனே குழாய்க்குள் போகும்படி செய்யுங்கள். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் சுரண்ட ஒருவர் உறிஞ்ச. தண்ணீர் மாற்றும் நாளோடு இதைச் சேர்த்துக்கொண்டால் வெளியே போகிற தண்ணீர் வீணில்லை.

மிஞ்சுகிற சின்னத் திட்டுகளுக்கு மூன்று வழி. சூப்பர் க்ளூ ஜெல்லையோ எபாக்ஸியையோ அதன் மேல் விளிம்பு தாண்டிப் பூசி மூடிவிடலாம், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குள் இருக்கிற திட்டுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. வெளிச்சம் போகாதபடி கறுப்புப் பிளாஸ்டிக்கால் அந்தப் பகுதியை இறுக்கி மூடலாம், ஆனால் பல வாரம் ஆகும், மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது.

மூன்றாவது கால்க்வாஸர் பசை. கால்சியம் ஹைட்ராக்சைடு பொடியைக் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீரில் தோசைமாவு பதத்துக்குக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பவளத்தின் மேல் வைப்பது. மஷ்ரூம் என்றால் ஊசி போட்டு வாய்க்குள் செலுத்துவது. பம்பு நின்றபடி இருபது நிமிடம் விட்டு, வெள்ளையாகக் கெட்டிப்பட்டதைச் சைஃபனில் உறிஞ்சிவிட வேண்டும்.

என் மீன்கள் செத்தது இந்த முறையால்தான், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கால்க்வாஸர் பசை கடும் காரம், பிஹெச் 12-க்கு மேல். ஒரே நாளில் நிறைய வைத்தால் தொட்டியின் பிஹெச் ஏறும். அதே நேரம் நூற்றுக்கணக்கான ஸீனியாக்கள் செத்து அழுகி அம்மோனியாவை விடுகின்றன. பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் நச்சுத்தன்மை கொண்ட வடிவம் அதிகமாகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்தபோது என் மீன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேற்பரப்புக்கு வந்தன, நான் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிட்டது. ஆகவே ஒரு நாளில் நான்கைந்து திட்டுக்கு மேல் வைக்காதீர்கள், வைப்பதற்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் பிஹெச் பாருங்கள், 8.5-ஐ நெருங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். கண்ணிலும் தோலிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. அன்று மாலையும் அடுத்த ஒரு வாரமும்

சாஃப்ட் கோரல்கள் காயப்பட்டால் தண்ணீரில் வேதிப்பொருள்களை விடும், அக்கம்பக்கத்துக் கல் பவளங்களை அவை பாதிக்கும். லெதர் கோரல் வகைகள் இதில் பெயர்போனவை. எனவே வேலை முடிந்த உடனே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, தூசி போகக் கழுவிய புதுக் கார்பனைப் போடுங்கள். மூன்று நான்கு நாளில் அதை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். ஸ்கிமர், அதாவது நுரையால் அழுக்கைப் பிரிக்கிற கருவி, பொங்கி வழியும், அது நல்லதுதான், கோப்பையை அடிக்கடி காலி செய்யுங்கள்.

அம்மோனியாவை அன்று இரவும் மறுநாள் காலையும் சோதியுங்கள். மீன்களுக்குத் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். மீன் வேகமாக மூச்சு வாங்கினால் மறுபடி தண்ணீர் மாற்றுங்கள், அதற்காகத்தான் உப்பைக் கூடுதலாக வாங்கச் சொன்னேன். அடுத்த வாரம் சுரண்டிய இடத்தில் பச்சைப் புள்ளியோ வெள்ளைத் தண்டோ தெரிந்தால் அது தோல்வி இல்லை, எதிர்பார்த்ததுதான். சிறிதாக இருக்கும்போதே க்ளூ வைத்து மூடிவிடுங்கள்.

8. மறுபடி வராமல் இருக்க: எங்கே வைப்பது

என்னிடம் யாராவது ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பரவுகிற பவளத்தை மற்ற பாறைகளைத் தொடாத தனிப் பாறையில் வையுங்கள், நீங்கள் ஒரு கையால் தூக்கக்கூடிய பாறையாக அது இருக்கட்டும். தூக்க முடிந்தால் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து உரிக்கலாம், அப்போது பிரச்சினையே இல்லை.

பாறையைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு கை அகலம் மணல் விடுங்கள். ஜி.எஸ்.பி. மணல் மேல் படர முயலும், ஆனால் தளர்ந்த மணலில் அதற்குப் பிடிப்பு குறைவு, வாரம் ஒருமுறை விளிம்பை மடித்து விட்டாலே நிற்கும். கண்ணாடியைத் தொடாமலும் இருக்க வேண்டும். சிலர் பின்பக்கக் கண்ணாடி முழுக்க ஜி.எஸ்.பி. வளர்க்கிறார்கள், நீரோட்டத்தில் புல்வெளிபோல அசைவது மிக அழகு, எனக்கும் பிடிக்கும். அப்படிச் செய்வதானால் எந்தப் பாறையும் அந்தக் கண்ணாடியில் சாய்ந்திருக்கக் கூடாது, பம்பும் தண்ணீர் போகிற வாயும் அதில் இருந்தால் வாராவாரம் சுரண்ட வேண்டும்.

ஸீனியாவும் கென்யா ட்ரீயும் மிதந்து போகிறவை என்பதால் மணல் அகழி மட்டும் போதாது. அவற்றை நீரோட்டம் போய்ச் சேருகிற பக்கத்தில், கீழ்க்கோடியில் வையுங்கள். உதிர்ந்தது மூலையில் விழும், பொறுக்கி எடுத்துவிடலாம். நான் செய்த மாதிரி நீரோட்டம் தொடங்குகிற உச்சியில் வைத்தால் தொட்டி முழுக்க விதைத்த மாதிரிதான்.

புதிதாக வாங்குகிற எந்தப் பவளத்தையும் அது வந்த பாறைத் துண்டோடு அப்படியே தொட்டிக்குள் வைக்காதீர்கள். முடிந்தால் ப்ளக்கிலிருந்து பிரித்து உங்கள் ப்ளக்கில் ஒட்டுங்கள். ஒரு பழுப்பு ஸோவாந்திட்டும் க்ளோவ் பாலிப்பின் ஓர் இழையும் இப்படித்தான் எனக்கு இலவசமாக வந்தன.

வாரம் பத்து நிமிடம், தண்ணீர் மாற்றும் நாளில், விளிம்புகளை மட்டும் பாருங்கள். தாண்டுவது தெரிந்தால் அன்றே கிள்ளுங்கள்.

9. சத்தைக் குறைத்து அடக்கலாம் என்று நினைக்காதீர்கள்

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதிகமாக இருக்கிற தொட்டியில் இவை வேகமாகப் பரவும் என்பது பெரும்பாலும் நாம் காண்கிறதுதான். அதனால் இரண்டையும் பூஜ்யத்துக்கு இறக்கினால் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். முதலில் வாடுவது உங்கள் கல் பவளங்கள். பூஜ்யத்தில் நிற்கிற தொட்டியில் டைனோஃப்ளாஜெலேட் என்கிற பழுப்புச் சளி வந்துவிட்டால் அதை விரட்டுவது ஸீனியாவை விரட்டுவதைவிடக் கடினம்.

நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற அளவில் நிலையாக வைத்தால் போதும். உங்களிடம் இப்போது நைட்ரேட் 40 என்றால் தீனியையும் தண்ணீர் மாற்றுவதையும் சரிசெய்து இரண்டு மாதத்தில் மெதுவாக இறக்குங்கள். பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தை அள்ளிப் போட்டு ஒரே வாரத்தில் இறக்குவது கல் பவளங்களுக்கு அதிர்ச்சி.

10. மீனும் மருந்தும்

சாஃப்ட் கோரலைத் தின்கிற பட்டர்ஃபிளை மீன்களும் ஏஞ்சல் மீன்களும் இருக்கின்றன. நீங்கள் கொல்ல நினைப்பதை மட்டும் அவை தின்னும் என்று யாரும் உறுதி தர முடியாது, பெரும்பாலும் முதலில் உங்கள் நல்ல பவளத்தைத்தான் கடிக்கும். அதைப் பிடித்து வெளியே எடுக்கக் கோபுரத்தையே கலைக்க வேண்டி வரும்.

ஃபென்பெண்டசோல் என்கிற புழு மருந்து ஸீனியா, ஜி.எஸ்.பி., க்ளோவ் பாலிப்பைக் கொல்லும் என்று கேள்விப்பட்டுச் சிலர் தொட்டியிலேயே போடுகிறார்கள். கொல்லும், உண்மைதான். கூடவே நத்தைகளையும், மணலில் உள்ள புழுக்களையும், நீங்கள் வைத்துக்கொள்ள நினைத்த லெதர் கோரலையும் சேர்த்துக் கொல்லக்கூடும். பாறைக்குள் ஊறிப்போய் நாள்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும். தொட்டியில் போடாதீர்கள்.

11. எடுத்ததை என்ன செய்வது, என்ன காகிதம் வேண்டும்

உரித்த ஜி.எஸ்.பி.யை வெட்டி ப்ளக்கில் ஜெல் பசையால் ஒட்டினால் ஓரிரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். ஸீனியா சளி விடுவதால் பசை ஒட்டாது, ஒரு சின்னக் கிண்ணத்தில் கல் சில்லுகளோடு போட்டு மேலே வலை கட்டி மிதமான நீரோட்டத்தில் வையுங்கள், சில நாளில் தானே ஒட்டும். கொடுக்கும்போது பெயரையும் "இது பரவும், தனிப் பாறையில் வையுங்கள்" என்பதையும் எழுதிக் கொடுங்கள். எனக்குக் கொடுத்தவர் அதைச் சொல்லியிருந்தால் என் மான்டிபோரா இன்று இருந்திருக்கும்.

நாட்டின் எல்லை தாண்டி அனுப்புவதாக இருந்தால் கவனம். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் கல் பவளங்கள் முழுவதும் இருக்கின்றன. ஸீனியாவும் ஜி.எஸ்.பி.யும் அதில் இல்லை, ஆனால் அவை ஒட்டியிருக்கிற லைவ் ராக், அதாவது உயிர்கள் குடியிருக்கிற கடல் பாறை, கல் பவளக் கணக்கிலேயே வரும், அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இந்த இடத்தில் நிறைய பேர் சிக்கிக்கொள்கிறார்கள். பீங்கான் ப்ளக்கில் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை, என்றாலும் அந்தந்த நாட்டின் வனவிலங்குச் சட்டமும் இறக்குமதி விதியும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். வனத்துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு அனுப்புங்கள். 2-ஆம் படியில் சொன்ன நோட்டும் ரசீதும் அப்போதுதான் கைகொடுக்கும்.

கொடுக்க ஆளில்லாததைக் கடலிலோ, கழிமுகத்திலோ, மழைநீர் வடிகாலிலோ போடவே போடாதீர்கள். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த உனோமியா ஸ்டோலோனிஃபெரா என்ற ஸீனியா குடும்பத்து இனம் வெனிசுவேலாவின் கரையோரத்தில், மொச்சிமா தேசியப் பூங்காவை ஒட்டி, கடலடியில் பெரும் பரப்பை மூடியிருக்கிறது, அது மீன் தொட்டி வியாபாரத்தின் வழியாக வந்ததாகவே கருதுகிறார்கள். 2023-இல் புவர்ட்டோ ரிக்கோ கடலில் ஸீனியா அம்பெல்லாட்டா தென்பட்டது, அதுவும் நாம் தொட்டியில் வளர்க்கிற இனம்தான். நம் தொட்டியில் ஏழு பாறையைச் சரிசெய்யவே நான்கு மாதம் போராட வேண்டியிருந்தது, கடலில் யார் உரிப்பது?

எனவே மிஞ்சியது எல்லாம் ப்ளீச் பக்கெட்டில் ஒரு நாள். அலசிய தண்ணீரும் அதே பக்கெட்டில். மறுநாள் சதையை வடித்துக் கட்டி உறையில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிட்டு, தண்ணீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். ப்ளீச் நனைந்த பிரஷ்ஷும் ஸ்கிரேப்பரும் நன்றாகக் கழுவி வாசனை போகக் காய்ந்த பிறகுதான் மறுபடி தொட்டிக்குள் போக வேண்டும்.